மாடிக்குத் தனி மீட்டர்

அந்த வெள்ளிக்கிழமை செல்லம்மா கம்பெனிக்கு லீவு போட்டாள்.

"எலெக்ட்ரீசியன் வருவாருக்கா. மேல ரூம் தொறந்திருக்கணும்" என்று தம்பி ஜெபசிங் முந்தின நாள் காலையில் சொல்லியிருந்தான். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான். குனிந்த தலை நிமிராமலே தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

கணவர் ஆபிரகாம் இறந்தபின் அச்சரப்பாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, செங்கல்பட்டில் தம்பி வீட்டு மாடிக்கு அவள் வந்து சேர்ந்திருந்தாள். பிள்ளை குட்டி இல்லாதவள். அந்த மாடி அறை எழும்பியதே அவளுடைய பி.எஃப். பணத்தில்தான். சாப்பாடு கீழே, படுக்கை மேலே என்று பேச்சு. மறைமலைநகரில் மோட்டார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள்.

மாடியில் அவளுக்கென்று இருந்த ஒரே சமையல் சாமான் ஒரு காபி மேக்கர்.

கம்பெனி வெள்ளி விழாவுக்கு எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஸ்டோர்ஸில் பாதிப் பேர் பெட்டியைப் பிரிக்காமலே சொந்தக்காரர் கல்யாணத்தில் மொய்யாக வைத்துவிட்டார்கள். செல்லம்மா மட்டும் பிரித்தாள். பால் ஊற்றாமல் கறுப்பாகக் குடிக்கிற ஜனங்களுக்காகச் செய்த மெஷின் அது. பால் சுட அதில் வழியே கிடையாது. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் டிகாஷனை இறக்கி ஒரு டம்ளரில் மாற்றிக்கொள்வாள். அப்புறம் கண்ணாடி ஜாடியைக் கழுவி, பாக்கெட் பாலை ஊற்றி, அதே சூட்டுத் தட்டில் வைத்துவிடுவாள். அது சுடுவதற்குள் ஒரு குளியலே போட்டு வந்துவிடலாம்.

அதனால் சாயங்காலம் முழுக்க அந்த மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பால் சுடுகிற நேரத்துக்கு ஜெபசிங் வருவான். கல்பாக்கத்திலிருந்து ஆபீஸ் பஸ் பழைய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும். அங்கிருந்து நடை. மாடிப்படி வீட்டுக்கு வெளியே, கேட்டை ஒட்டி இருந்தது. நேரே அதில் ஏறி வந்துவிடுவான். ஜன்னலோர நாற்காலியில் உட்காருவான். ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி தெரியும். ஏரிக்கரையில் ரயில் போகும். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் கீழே இறங்குவான்.

நாள் முழுக்க ஆணி, போல்ட், வாஷர் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு அந்த அரைமணி நேரம்தான் மனித வாசனை. அதற்காகத்தான் அவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எட்டி நடப்பாள்.

இதற்கிடையில்தான் ஈ.பி.காரர் வந்து கணக்கெடுத்தார். ரெண்டு மாதக் கட்டணம் எப்போதும் வருவதைவிட ஏறியிருந்தது.

"மேல அந்த மெஷின் சாயங்காலம் பூரா எரிஞ்சிகினே கீது. வேற இன்னா?" என்று ஜெனிட்டா கீழே கூடத்தில் சொன்னது மாடிக்கே கேட்டது. ஜெனிட்டா, ஜெபசிங்கின் மனைவி.

தம்பி ஏதாவது சொல்வான் என்று செல்லம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கல்பாக்கம் மின்நிலையத்தில் அவனுக்கு வேலையே கரண்டோடுதான். ஒருமுறை இதே மெஷினைத் திருப்பிப் பார்த்து, அடியில் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தவன் அவன். "இது ஒரு நாளைக்கு இழுக்கற கரண்டுக்கு டீக்கடையில பாதி டீ கூட ஊத்த மாட்டான்க்கா" என்றான். பில் ஏறியதற்குக் காரணம் போர்வெல் மோட்டார் என்பதும் அவனுக்குத் தெரியும். வெயில் காலத்தில் தண்ணீர் கீழே போய், தொட்டி நிரம்ப அது இரண்டு மடங்கு நேரம் ஓடியது.

அத்தனையும் தெரிந்தவன் சொன்னது ஒன்றே ஒன்று.

"சரி, மேலுக்குத் தனியா சப் மீட்டர் போட்டுடலாம்."

எலெக்ட்ரீசியன் அப்பாசாமி ஒன்பது மணி வாக்கில் வந்தார். மெயினை அணைத்ததும் மின்விசிறி ஓய்ந்தது. வெக்கை சுவரிலிருந்து இறங்கியது. அவர் ஏணியைச் சாத்திக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினார். பேசிக்கொண்டே வேலை செய்கிற மனிதர்.

"மேல வாடகைக்கு வுட்டுகீறீங்களாம்மா?" என்று பாதிப் படியில் நின்று கேட்டார்.

கேள்வி கீழே நின்றிருந்த ஜெனிட்டாவுக்கு. அவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

"வாடகை இல்லீங்க. நான் அவனோட அக்கா" என்றாள் செல்லம்மா மேலிருந்து.

அப்பாசாமி வாயில் வைத்திருந்த ஸ்க்ரூவை எடுத்தார். "கூடப் பொறந்தவங்களுக்கா மீட்டரு?" என்றார். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். ஸ்க்ரூவை மறுபடி வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"மீட்டர எங்க மாட்டறது? மேலயா, கீழயா?"

"கீழயே மாட்டுங்க. பாக்கறதுக்கு வசதியா இருக்கும்" என்றாள் ஜெனிட்டா, துணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து.

வேலை முடிந்து மெயினைப் போட்டார்கள். "மேல எதனா லோடு போடுங்கம்மா, சுத்துதான்னு பாத்துடலாம்" என்று அப்பாசாமி குரல் கொடுத்தார்.

விளக்கைப் போட்டாள். "பத்தாது. பெரிசா எதனா?"

செல்லம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை. காபி மேக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி ஸ்விட்சைத் தட்டினாள்.

"ஆங், வந்துடுச்சி! எப்பிடி சுத்துது பாரு!" என்றார் அப்பாசாமி, தெருவுக்கே கேட்க.

செல்லம்மா படியோரம் வந்து எட்டிப் பார்த்தாள். புது மீட்டருக்குள் வட்டத் தகடு வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் ஜெனிட்டா நின்றிருந்தாள். அவள் தலையை உயர்த்தி மேலே பார்த்தாள். இரண்டு பேர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. செல்லம்மா உள்ளே போய் ஸ்விட்சை அணைத்தாள். ஏதோ திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல் இருந்தது அவளுக்கு.

மத்தியானம் சாப்பிடக் கீழே போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். வேலை நாளில் டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போய்விடுவாள். இந்தக் குழப்பமே வராது. பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது மேல்படியில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, வைக்கப்பட்டிருந்தது. சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ஓரத்தில் ஒரு அப்பளம். குறை சொல்ல ஒன்றுமில்லை. வைத்தவளைத்தான் காணவில்லை.

தட்டை உள்ளே எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஆபிரகாம் இருந்த காலத்தில் சாப்பிடும்போது ரேடியோ பாடும். அவர் போன அன்று யாரோ அதை அணைத்தார்கள். பிறகு போடவே தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி வற்றி, நடுவில் திட்டுத் திட்டாகச் சேறு தெரிந்தது. தாம்பரம் போகிற ரயில் ஒன்று போனது. அத்தனை பேர் அதில் யாரோடாவது பேசிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தாள். பாதிச் சோற்றோடு தட்டை மூடி வைத்தாள். தண்ணீர் குடித்தாள்.

வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமா? மறைமலைநகரில் பெண்கள் ஹாஸ்டல் இருக்கிறது. இந்த வயதில் பதினெட்டு வயதுப் பெண்களோடு வரிசையில் நின்று வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். நினைக்கவே சோர்வாக இருந்தது. கட்டிலில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

யாரோ கதவைத் தட்டியபோது வெயில் தாழ்ந்திருந்தது.

ஜெனிட்டா நின்றிருந்தாள். கையில் பால் பாத்திரம். நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

மகன் அபிஷேக்கை ஜூன் மாதம் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர்த்துவிட்டு வந்த பிறகு, ஜெனிட்டா மாடி அறைக் கதவைத் தட்டியது இதுதான் முதல் தடவை.

"காஸ் தீந்துடுச்சி அண்ணி. நாளைக்குத்தான் எடுத்துகினு வருவானாம். பக்கத்து வூட்லயும் பூட்டிகீது. தல வெடிக்குது. இத கொஞ்சம்..." அவள் பாத்திரத்தை நீட்டினாள். "உங்க மீட்டர்லதான் ஓடும். அத நான் குடுத்துடறேன்."

"உள்ள வா ஜெனிட்டா."

செல்லம்மா டிகாஷனை இறக்கினாள். ஜாடியைக் கழுவிப் பாலை ஊற்றினாள். ஜெனிட்டா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் சுட்டபாடில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மெஷின் புசுபுசுவென்று ஆவி விட்டது.

"இம்மா நேரமா ஆவும்?"

"ஆவும்."

கடைசியில் காபி வந்தது. ஜெனிட்டா ஒரு வாய் குடித்தாள். டம்ளரை உள்ளே பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"இதுவா?" என்றாள்.

"இன்னாம்மா?"

"இந்தக் காபியா அண்ணி? தண்ணியா கீது. பால்ல வேற காந்தல் வாசன. இதக் குடிக்கவா அவரு தெனம் படியேறி வராரு?"

செல்லம்மாவுக்குக் கோபம் வரவில்லை. காபி நன்றாக இல்லை என்பது அவளுக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஜெனிட்டா டம்ளரைத் தரையில் வைத்தாள். "நான் பித்தள பில்டர்ல எறக்கற டிகாஷன் அப்டியே கெடக்குது. எங்க அம்மா வூட்ல எல்லாரும் என் கையால காபி கேட்டு வாங்கிக் குடிப்பாங்க. இவரு வரும்போதே 'குடிச்சிட்டேன்'னு சொல்லிகினே வராரு. சரி, மெஷின் காபி அவ்ளோ ருசி போலன்னு நெனச்சிகினு இருந்தேன். அப்போ காபிக்காக வர்ல. உங்ககிட்ட பேசறதுக்குத்தான் வராரு."

"ஜெனிட்டா..."

"இன்னாதான் பேசுவீங்க ரெண்டு பேரும்? சொல்லுங்க. என்னப் பத்தியா?"

"ஒண்ணும் பேச மாட்டான்."

"அரமணி நேரமா?"

"கர்த்தர் அறிய சொல்றேன். நீ உக்காந்துகினு இருக்கற அதே சேர்லதான் உக்காருவான். ஏரியப் பாத்துகினே இருப்பான். 'பஸ்ல கூட்டம்'ம்பான். 'ரொம்ப வெக்க'ம்பான். சில நாள் அதுவும் இல்ல. கண்ண மூடிகினு அப்டியே சாஞ்சிடுவான். நான் டம்ளர எடுத்துக் கழுவி வைப்பேன். அவ்ளோதான்."

ஜெனிட்டா நம்பாமல் பார்த்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மாறியது.

"கீழ வந்தாலும் அதேதான் அண்ணி. டி.வி.யப் போட்டுகினு உக்காந்துடுவாரு. எதனா கேட்டா 'ம்'முனு ஒரு சத்தம். எல்லாப் பேச்சையும் மேல கொட்டிட்டு வெறும் கூடாத்தான் கீழ வராருன்னு எனக்கு அப்டி ஒரு ஆத்திரம்."

"எனக்கும் ஒண்ணு தோணும்" என்றாள் செல்லம்மா. "எங்கிட்ட வாயத் தொறக்காதவன் உங்கிட்ட போய்ச் சிரிச்சிப் பேசுவான், அவனுக்கு அவன் குடும்பம் கீது, நமக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு."

கீழே தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

ஜெனிட்டா தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் கரண்டு பில்லுக்காகச் சொல்லல அண்ணி."

"தெரியுது."

"அபிஷேக் போனதுலேர்ந்து வூடு வூடாவே இல்ல. அவன் ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரம் வந்தா கை கால் ஓட மாட்டேங்குது. யாருக்குத் தோச ஊத்தறது? அஞ்சு மணிக்கே மூஞ்சி கழுவிகினு உக்காந்துடுவேன். கேட் தெறக்கற சத்தம் கேட்டதும் பால அடுப்புல வைப்பேன். அவரு ஷூ சத்தம் கிட்ட வரும். கிட்ட வந்துட்டு அப்டியே படியேறி மேல போயிடும்."

அவள் அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு ஏரியைப் பார்த்தாள்.

தினமும் செல்லம்மா காத்துக்கிடந்தது அதே ஷூ சத்தத்துக்குத்தான். தனக்கு அருகில் வந்துகொண்டிருந்த சத்தம் இன்னொருத்தியை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது என்று ஒரு நாளும் அவளுக்கு உறைத்ததில்லை.

எழுந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். வயரைச் சுருட்டினாள். ஜாடியைத் துடைத்து அதன்மேல் வைத்தாள்.

"இத கீழ எடுத்துகினு போ. காஸ் வர்ற வரைக்கும் இதுல பால் சுட வெச்சிக்கோ. டிகாஷன் உன் பில்டர்லயே எறக்கு. அவன் இன்னிக்குக் கீழ காபி குடிக்கட்டும்."

"வர மாட்டாரு அண்ணி. பழக்கம்."

"வருவான். எடுத்துகினு போ."

ஜெனிட்டா மெஷினைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கால் தடவித் தடவிப் படியிறங்கினாள்.

அன்று ஜெபசிங் நேரத்துக்கு வரவில்லை. ஏரி இருண்டு, ரயில் பெட்டிகளில் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகுதான் கேட் சத்தம் கேட்டது. வழக்கமான நடை இல்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான்.

செல்லம்மா கம்பிக் கதவை உள்ளே கொக்கி போட்டிருந்தாள்.

"அக்கா, கதவத் தொற."

"மெஷின் கீழ போயிடுச்சிடா. நீயும் கீழ போ."

"காபி வேணாம். சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

அரை இருட்டில் அவன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருப்பது தெரிந்தது. மீட்டர் போட்டதற்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

"மீட்டருக்காக நான் ஒண்ணும் நெனைக்கல. போ."

"மீட்டர் இல்லக்கா. வேற ஒண்ணு." அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "உங்கிட்ட சொல்லணும்."

எத்தனை மாதமாக அவள் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது! கொக்கிமேல் கை போய்விட்டது. ஷூ சத்தம் கிட்ட வந்து மேலே போய்விடும் என்று ஜெனிட்டா சொன்னது அப்போது காதில் கேட்டது. கையை இழுத்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் மொதல்ல ஜெனிட்டாகிட்ட சொல்லு. அப்புறம் எங்கிட்ட சொல்லு."

"அவகிட்ட சொல்ல முடியாமத்தானே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பிறகு படியைப் பார்த்துத் திரும்பினான். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

செல்லம்மா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். இனி ஒவ்வொரு சாயங்காலமும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். கீழே டி.வி. சத்தம் வரவில்லை. பேச்சுச் சத்தமும் வரவில்லை.

"அண்ணி!"

ஜெனிட்டாவின் குரல் அப்படிக் கிழிந்து அவள் கேட்டதே இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

கூடத்தில் ஜெபசிங் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். ஜெனிட்டா அவன் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"கேளுங்க அண்ணி, இவரு இன்னா சொல்றாருன்னு கேளுங்க! எம்புள்ள ஹாஸ்டல்ல இல்லியாம்!"

"காலையிலயே போயிட்டானாம்க்கா" என்றான் ஜெபசிங். குரல் உடைந்திருந்தது. "வூட்டுக்குத்தான் வந்திருப்பான்னு நெனச்சாங்களாம். நான் போன் பண்ணப்புறம்தான் பதர்றாங்க. பஸ் ஸ்டாண்டு பூரா தேடிட்டு வரேன்."

"நீ எதுக்குப் போன் பண்ண?" செல்லம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஞாயித்துக்கிழமதானே பேச வுடுவாங்க?"

"தெனம் பண்ணுவேன். பஸ்ஸ வுட்டு எறங்கனதும் எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து. வார்டன்கிட்ட கெஞ்சி ஒரு நிமிஷம். போன எடுத்தா அழுவான். 'என்னக் கூட்டிகினு போயிடுப்பா, முடியலப்பா'ன்னு அழுவான். நான் திட்டுவேன். கொஞ்ச நாள்ல சரியாப் போவும்டான்னு வெச்சிடுவேன். அந்த மூஞ்சியோட இவகிட்ட எப்பிடிக்கா வருவேன்? பாத்தவொடனே கண்டுபுடிச்சிடுவா. அன்னிக்கே போய் இட்டுகினு வந்துடுவா. அதான் மேல வந்து கொஞ்ச நேரம் உக்காந்து..."

"ஞாயித்துக்கிழம எங்கிட்ட சிரிச்சிச் சிரிச்சிப் பேசினானே!" என்றாள் ஜெனிட்டா.

"நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். அம்மாகிட்ட அழாதடான்னு."

ஜெனிட்டா அவன் சட்டையை விட்டாள். செல்லம்மா பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா? உண்மையச் சொல்லுங்க."

"தெரியாது ஜெனிட்டா. எங்கிட்டயும் சொல்லல."

ஜெனிட்டா அவள் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். செல்லம்மா அவள் முதுகில் கை வைத்தாள். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. இத்தனை இளைத்துப்போயிருக்கிறாள், ஒரே வீட்டில் இருந்தும் பார்க்கவில்லையே!

டெலிபோன் அடித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் செல்லம்மாதான். எடுத்தாள்.

"ஹலோ?"

ஒரே இரைச்சல். பஸ் ஹாரன். யாரோ கண்டக்டர், "திருப்போரூர், கேளம்பாக்கம், அடையாறு! ஏறு, ஏறு!" என்று கத்துவது கேட்டது. நாமக்கல்லில் எந்தக் கண்டக்டர் அடையாறு என்று கூவப்போகிறான்? அது மகாபலிபுரத்திலிருந்து கிளம்புகிற பஸ்.

"அத்தையா?"

"அபி! எங்கடா கீற? மகாபலிபுரமா?"

"ஆமா அத்த. செங்கல்பட்ல எறங்கினேன். வூட்டுக்கு வர பயமா இருந்திச்சி. எந்த பஸ்சுன்னு பாக்காம ஏறிட்டேன். அத்த, அம்மாகிட்ட குடுக்காதீங்க. அப்பா வரவேணாம். நீங்க மட்டும் வாங்க. நான் பஸ் ஸ்டாண்ட்லயே..."

நீங்க மட்டும் வாங்க. அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. செல்லம்மா ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

எதிரே ஜெனிட்டா நின்றிருந்தாள். கை பாதி நீண்டு அந்தரத்தில் நின்றது. கேட்கிற உரிமைகூடத் தனக்கு இல்லை என்பதுபோல.

செல்லம்மா ரிசீவரை அந்தக் கையில் வைத்தாள்.

"கண்ணு..." என்றாள் ஜெனிட்டா.

அந்தப் பக்கம் ஒரு விநாடி பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு டொக்கென்று போன் வைக்கப்பட்டது.

ஜெனிட்டா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஜெபசிங் தட்டுத் தடுமாறி எழுந்து நின்றான்.

"வெச்சிட்டான் அண்ணி. என் கொரலக் கேட்டதும் வெச்சிட்டான். உங்ககிட்ட இன்னா சொன்னான்?"

செல்லம்மா அவளை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"காசு தீந்திருக்கும்மா. ஒரு ரூபா போனு" என்றாள். "பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்னான். 'அம்மாவ இட்டுகினு வாங்க அத்த'ன்னு சொன்னான்."